கருநாக்கன் விழுந்த பக்கம்

அப்பா போய்விட்டார் என்று தெருமுனை சலூன்காரரிடம் சொன்னேன். "மறுபடியுமா?" என்றார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. இந்தத் தெருவைப் பொறுத்தவரை அப்பா முதல் தடவை செத்தது நான் ஆறாம் வகுப்பு படித்தபோது, ஒரு படக்கதையின் நாற்பத்தெட்டாம் பக்கத்தில்.

படக்கதை அச்சகத்தில் அப்பாவுக்கு வசனம் எழுதும் வேலை. ஓவியர் வரைந்து முடித்ததும், தலைகளுக்கு மேலே காலியாக இருக்கும் குமிழிகளில் ஆசிரியர் தரும் வசனத்தை முத்து முத்தாக எழுதுவார். செம்பருந்து என்ற பறக்கும் நாயகனுக்குப் புது எதிரி தேவைப்பட்டபோது, ஓவியர் பக்கத்து மேசையைப் பார்த்தார். அப்பாவின் வளைந்த மூக்கும் கூட்டுப்புருவமும் அங்கே சும்மாதான் இருந்தன. "எடுத்துக்கப்பா, தேஞ்சா போயிடும்?" என்றாராம் அப்பா. அப்படிப் பிறந்தவன்தான் கருநாக்கன். அணையை உடைப்பான், பள்ளிப் பேருந்தைக் கடத்துவான்.

அப்பாவுக்கு அவன்மேல் தனிப் பாசம். "உழைப்பாளிம்மா அவன். திட்டம் போடணும், ஆள் சேக்கணும், அடியும் வாங்கணும். செம்பருந்துக்கு என்ன, பறந்தா போதும். எட்டு வருஷமா அவனுக்கு வசனம் எழுதறேன், ஒருத்தருக்கும் நன்றின்னு சொன்னதில்ல அந்தப் பய."

பள்ளிப் பேருந்தில் என் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். "தள்ளி உக்காருடி, இவங்கப்பா வண்டியக் கடத்திடுவாரு!" அப்பா பால் வாங்கப் போனால் பின்னாலிருந்து கல் வரும். தெருப் பையன்கள் வீரமாகத்தான் எறிவார்கள், செம்பருந்து மாதிரி ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு.

அந்த ஆண்டு ஆசிரியர் வாசகர்களைக் கேட்டார்: கருநாக்கன் திருந்தட்டுமா, சாகட்டுமா? கார்டில் எழுதுங்கள். சிறந்த வரியைச் செம்பருந்தே பேசுவான்.

அப்பா துள்ளலாக இருந்தார். "திருந்திடுவான் பாரேன். அப்புறம் உன்ன எவன் என்ன சொல்லுவான்?"

திருந்தினாலும் மூக்கு அதேதானே இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. பெயர் போடாமல் ஒரு கார்டு எழுதித் தபாலில் சேர்த்தேன். "சாகட்டும். விழுடா! உன்னைத் தேடி ஒருத்தரும் வர மாட்டாங்க."

ஆசிரியருக்கு அது பிடித்துப்போனது. என் கார்டை ஓவியத்தோடு சேர்த்து அப்பாவின் மேசையில் வைத்துவிட்டார். மாடி விளிம்பில் கருநாக்கன் தொங்குகிறான். செம்பருந்து அவன் கையைப் பிடித்திருக்கிறான். அடுத்த கட்டத்தில் விரல்களை விரிக்கிறான். அந்தக் குமிழியில் என் வரியை அப்பா எழுதினார். அதற்கடுத்த குமிழியில், விழுகிறவனின் அலறலையும் அவரே எழுதினார்.

எனக்கு எழுத்துப் பழக்கியவர் அவர். 'ழு'வின் அடியில் ஒரு சுழி கூடுதலாகப் போடுவது எங்கள் இருவர் கைகள் மட்டும்தான். கார்டைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்திருக்கும்.

அன்று மாலை பேனா முனையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "கையப் பிடிச்சிருந்தவன் எதுக்கும்மா விட்டான்?"

"வில்லன்தானேப்பா."

"யாரு?"

நான் வீட்டுப்பாட நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டேன். அவர் திரும்பக் கேட்கவில்லை. அன்று மட்டுமில்லை, கடைசிவரை கேட்கவில்லை.

புத்தகம் கடைக்கு வந்த மறுநாள், பேருந்தில் ஒருத்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.