பழவங்காடியில் மங்கலம் அக்கா உடைத்த தேங்காய்

மங்கலம் அக்காவுக்கு நாங்கள் சிகிச்சை செய்துகொண்டிருந்ததாகத்தான் 1955-இல் எங்கள் ஆஸ்பத்திரி நம்பியது. நிஜத்தில் அவள்தான் எங்களுக்குப் பாடம் நடத்தினாள். சாலைக் கடைத்தெருவில், தம்பியின் அரிசிக் கடைப் பரணிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போனவள். இரண்டு வருஷமாக வார்டில் கிடந்தாள். எங்களுக்கோ பிசியோதெரபி படிக்க வந்த திமிர்.

முதல் நாளே என்னோடு படித்த நெல்லையப்பனின் கால்களைத் துண்டால் கட்டி, தன் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, "இனி அந்தப் படியை ஏறு மக்கா" என்றாள். அவன் மல்லாந்தான். அடுத்து நானும் மல்லாந்தேன். முன்சக்கரத்தைத் தூக்கிப் பின்சக்கரங்களில் நிற்கப் பழகவே ஒரு மாதம் பிடித்தது. அதைவிடக் கஷ்டம், அவள் ஓட்டும்போது சும்மா இருப்பது. படியைக் கண்டாலே எங்கள் கை நாற்காலியின் முதுகுக்குப் போய்விடும். "பிடிக்கண்டாம் ராகேல் பிள்ளே! நீ பிடிச்சா நான் தோத்தேன்" என்று என் கையிலேயே அடிப்பாள்.

அக்காவுக்கு அரிசிக் கடைக்குப் பின்னாலிருந்த வீட்டுக்குப் போகவேண்டும். பின்னால் தள்ள ஆள் இல்லாமல் நாற்காலியை அனுப்ப மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார் டாக்டர் ஸ்ரீகண்டன். கடைசியில் ஒரு பந்தயத்துக்கு இறங்கிவந்தார். தனியே ஓட்டிப்போய்ப் பழவங்காடிப் பிள்ளையாருக்கு அவள் தேங்காய் உடைத்தால் வீட்டுக்குப் போகலாம். வழியில் யாராவது நாற்காலியைத் தொட்டால் மறுபடி வார்டுதான்.

மடியில் தேங்காயோடு புறப்பட்டாள். டாக்டரும் கூடவே நடந்தார். காளைவண்டிக்காரர் தள்ள வந்தார், பூக்காரி தூக்க வந்தாள். இந்த ஊரின் உபகாரம் பெரிய உபத்திரவம்! மாணவர்கள் நாங்கள் எட்டுப்பேரும் சுற்றி நின்று விரட்டினோம். கோயில் முன்னே சிதறிக்கிடந்த தேங்காய்ச் சிரட்டைத் துண்டுகளின்மேல் முன்சக்கரத்தைத் தூக்கியபடியே போனாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நடுத்தெருவில் விசிலடித்தேன், பெண்பிள்ளை நான்!

அக்கா ஓங்கி எறிந்தாள். தேங்காய் சிதறியது. எறிந்த வேகத்தில் நாற்காலி பின்னோக்கி ஓடியது, தேங்காய்த் தண்ணீரில் நனைந்த சரிவில், ஒரு பஸ்ஸை நோக்கி.

"ஐயோ, பிடிங்கோ!" என்று டாக்டர் பாய்ந்தார். நானும் நெல்லையப்பனும் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டோம்.

"தொடப்பிடாது சாரே!" என்று கத்தினேன்.

பஸ்ஸுக்கு ஒரு முழம் இருக்கையில் அக்கா ஒரு சக்கரத்தை மட்டும் இறுக்கிப் பிடித்தாள். நாற்காலி பம்பரமாய்ச் சுழன்று நின்றது. கொண்டை அவிழ்ந்து, அவள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஜெயிச்சுட்டே. ஆஸ்பத்திரிக்கு வா, டிஸ்சார்ஜ் சீட்டுல கையெழுத்துப் போட்டுத் தரேன்."

"அதை ராகேல்ட்ட குடுத்துவிடுங்க சாரே. சாலைக் கடைத்தெரு இந்தா இருக்கு. நான் வீட்டுக்குப் போறேன்."

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த வருஷத்து மாணவர்கள் பாடம் கேட்க அரிசிக் கடைக்குத்தான் போனார்கள்.