இரண்டாம் முறை குனியாதவர்

மூடியைத் திறந்த கையோடு குனிகிறார். ஒரே ஒரு மூச்சு. நிமிர்ந்து "போலாம்" என்றால் கேன் உள்ளே போகும், புளிப்பு வாடை என்றால் "ஓரங்கட்டு." பால் சேகரிக்கும் கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக இதுதான் அவர் வேலை. எல்லோருக்கும் அவர் 'மோப்பக்காரர்'. "ரெண்டாவது தடவை குனியறவன் மூக்கை நம்பாதீங்க" என்பார்.

அந்த மூக்குக்குள்தான் கட்டி வளர்ந்தது. மூக்குத் துவாரம் வழியாகவே கேமரா வைத்த மெல்லிய குழாயை விட்டு, முகத்தில் ஒரு கீறல்கூட இல்லாமல் எடுத்தார்கள். திரும்ப முளைத்தது. திரும்ப எடுத்தார்கள். மூன்றாவது தடவைக்குப் பிறகு மனுஷருக்கு எந்த வாசனையும் தெரியவில்லை.

புற்று இல்லை, சாதாரணக் கட்டிதான் என்றார் டாக்டர். அன்றிலிருந்து ஒருவரும் பாவம் பார்ப்பதில்லை. "கேன்சர் இல்லல்ல, அப்புறம் ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க?" என்று சொந்த மச்சானே கேட்டானாம். "சாதாரணமாம்! என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டு, சாதாரணமாம்!" என்று என்னிடம் குமுறினார். அந்த மச்சானை நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலிருந்தது எனக்கு.

பக்கத்து மேசையில் எடை எழுதுவது அவர் மனைவி. மூடி திறந்தால் அந்த அம்மாவுக்கும் வாடை எட்டும். புளிப்பு என்றால் பேனாவால் மேசையில் ஒரு தட்டு. எட்டு மாதமாக இப்படித்தான் ஓடியது. "திருட்டுத்தனம்தான், ஒத்துக்கறேன். மூக்கு போச்சுன்னு தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அம்பத்தாறு வயசுல எங்க போய் நிப்பேன், சொல்லுங்க?"

போன வாரம் மறுபடி குழாய் விட்டுப் பார்த்தார்கள். ஓரத்தில் சின்னதாக ஏதோ தெரிகிறதாம். "இன்னொரு தடவை போய்ப் படுக்கத் தெம்பு இல்லீங்க. எடுத்தா மட்டும் வாசனை வந்துடுமா?" டாக்டர் அதற்கு உறுதி சொல்லவில்லை. அதே வாரம் மனைவியை வேறு கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள். "என்னங்க, மேனேஜர்கிட்ட உண்மையச் சொல்லிடுங்க" என்று அந்த அம்மா அழுதிருக்கிறார். இவர் சொல்லவில்லை.

இன்று காலை நான் கூடத்துக்குப் போனபோது மேசையில் புதிதாக ஒரு பெண். முதல் கேன் வந்தது. திறந்தார், குனிந்தார், நிமிர்ந்தார். காதை மேசைப் பக்கம் கொடுத்தபடி நின்றார். அந்தப் பெண்ணின் பேனா அதுபாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தது.

நான்கடி தள்ளி நின்ற எனக்கே புளிப்பு வாடை அடித்தது.

அவர் மறுபடியும் குனிந்தார்.