அவர் வீட்டில் இருந்த நாட்கள்

என் கணவரை விட்டுப் பிரிந்து நாலு வருஷம் ஆன பிறகு, அவரோடு இரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருப்பதற்காக மறுபடியும் மரக்காணத்துக்குப் போனேன். எங்களுக்குள் சமாதானம் ஆகவில்லை. ஆகும் என்று இரண்டு பேருமே நினைக்கவும் இல்லை. என் கனடா பி.ஆரைக் காப்பாற்றிக்கொள்ள எனக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று.

கல்யாணத்துக்கு முன்பே அவர் அந்த நாட்டுக் குடிமகன் ஆகியிருந்தார். மனைவி என்ற முறையில் எனக்கு அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை கிடைத்தது. அதைத்தான் எல்லோரும் பி.ஆர். என்பார்கள். போன இடத்தில் மறுபடி படித்து, பரீட்சை எழுதி, ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலைக்குச் சேர்ந்தேன். என் வாழ்க்கையில் நானாகச் சம்பாதித்த பெயர் என்றால் அந்த லேபில் என் சட்டையில் குத்தியிருந்த பெயர் அட்டைதான். நான் குடியுரிமைக்கு மனு போடுவதற்குள் அவருடைய அப்பா இறந்துவிட்டார். உப்பளத்தைப் பார்க்க ஆளில்லை, ஆறு மாசம் போய்விட்டு வரலாம் என்றார். ஆறு மாசம் ஒரு வருஷம் ஆனது. அங்கே வேலை செய்த பெண்ணாக என்னைப் பார்த்துப் பழகிய மனிதர், இங்கே வந்ததும் என்னை வீட்டு வேலைக்கு வந்தவளாகப் பார்த்தார். ஒரு மத்தியானம் குழம்பில் உப்பு அதிகம் என்று தட்டைத் தூக்கி என் மேல் வீசினார். குழம்பு சூடாக இருந்தது. அன்றைக்கே திண்டிவனத்தில் இருந்த என் அப்பா வீட்டுக்குப் பஸ் ஏறினேன்.

அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டு, ஒரு தனியார் லேபில் வேலை செய்துகொண்டு நாலு வருஷம் ஓட்டினேன். நிரந்தரம் என்றால் நிரந்தரம் என்றுதான் நினைத்திருந்தேன். அப்பா போன பிறகு பீரோவிலிருந்து பி.ஆர். அட்டையை எடுத்துப் பார்த்தால், தேதி முடிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

பாண்டிச்சேரியில் விசா வேலை பார்க்கும் ஒரு ஏஜெண்டிடம் போனேன். அவர் என் தாள்களைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "மேடம், உங்க பி.ஆர். போகல. கார்டுதான் போச்சு. ஆனா ஃப்ளைட் ஏறணும்னா விசா ஆபீஸ்ல ஒரு பேப்பர் வாங்கணும். அதுக்குக் கடைசி அஞ்சு வருஷத்துல ரெண்டு வருஷம் கனடாவுல இருந்திருக்கணும்."

"நான்தான் இங்கியே இருந்துட்டேனே."

"உங்க ஹஸ்பண்ட் சிட்டிசன்தானே? சிட்டிசன் புருஷனோட வெளிநாட்டுல ஒரே வீட்டுல இருந்தா, அந்த நாளும் கணக்குல வரும். அஞ்சு வருஷம் தாண்டுன பழைய நாளெல்லாம் கழண்டுகிட்டே போவும். அதனால புதுசா ரெண்டு வருஷம்னு வச்சுக்குங்க."

"நாங்க பிரிஞ்சிருக்கோம் சார்."

"சேர்ந்து இருக்கணும்னுதான் ரூல் மேடம். சந்தோஷமா இருக்கணும்னு எங்கியும் போடல."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு வாரம் கழித்து என் கணவருக்குப் போன் செய்தேன். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீக்கடைக்கு வந்தார். தலை நரைத்திருந்தது. நான் சொன்னதை முழுசாகக் கேட்டார். ரொம்ப நாளாகக் காத்திருந்தது கிடைத்ததுபோல அவர் முகம் மலர்ந்தது.

"அம்மா இடுப்பு ஒடிஞ்சி படுத்திருக்குது. ஆள் வச்சா ஒரு மாசம் நிக்க மாட்டேங்குறாங்க. நீ வந்து பாத்துக்க. ரெண்டு வருஷம் முடிஞ்சா கேக்குற பேப்பர்ல கையெழுத்து போடுறேன்."

"நிச்சயமா போடுவீங்களா?"

"ஏன், நம்பிக்கை இல்லையா?"

"இல்ல."

"எனக்கும்தான் இல்ல. வா."

வீடு கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, உப்புப் பாத்திகளை ஒட்டி இருந்தது. ஜன்னல் கம்பிகள் எல்லாம் உப்புக்காற்றில் செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தன. வெயில் காலத்தில் பாத்திகளின் வெள்ளை கண்ணைக் குத்தும் என்பதால் அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறப்பதே இல்லை. எனக்குக் கொடுத்த அறை சாக்குகளும் பழுதான மோட்டாரும் போட்டு வைத்திருந்த அறை. நானே ஒதுக்கிக் கட்டிலைப் போட்டுக்கொண்டேன்.

மாமியார் கூடத்தில் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "வந்துட்டியா? கார்டைப் புடுங்கிக்கினாங்களாமே."

"புடுங்கல. தேதி முடிஞ்சிடுச்சி."

"ரெண்டும் ஒண்ணுதான். மூத்திரம் வருது, புடி."

அப்படித்தான் ஆரம்பித்தது. காலையில் துடைத்துவிடுவது, துணி மாற்றுவது, புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது, கஞ்சி ஊட்டுவது. மத்தியானத்தில் மரக்காணத்தில் ஒரு சின்ன லேபுக்குப் போய் மூன்று மணி நேரம் வேலை செய்துவிட்டு வருவேன். நானும் அவரும் பேசிக்கொண்டது குறைவு. பேசினால் சண்டை. பேசாவிட்டால் அவர் கதவை அடித்துச் சாத்துவார், நான் பாத்திரத்தை நங்கென்று வைப்பேன். மழைக்காலத்தில் பாத்திகளில் தண்ணீர் நின்று வேலை இல்லாமல் போனபோது, நாள் முழுக்க வீட்டிலேயே இருந்தார். நான் குனிந்து பெருக்கும்போது காலை நகர்த்தமாட்டார். அவர் காலைச் சுற்றியே பெருக்கிவிட்டுப் போவேன்.

சேர்ந்து இருப்பதற்குப் போட்டோ வேண்டும் என்று ஏஜெண்ட் சொல்லியிருந்தார். உப்பு வாரும் பருவம் வந்ததும், குவித்து வைத்த உப்புக்கு முன்னால் இரண்டு பேரும் நின்றோம். அங்கே வேலை செய்த ஒரு பெண்ணிடம் போனைக் கொடுத்தேன். அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

"கொஞ்சம் கிட்ட நில்லுங்கக்கா. நடுவுல லாரியே போவும் போலக்குது."

அவர் அரை அடி நகர்ந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "சிரி. நாட்டுக்காகச் சிரி." நான் சிரித்தேன். அந்தப் போட்டோவைப் பார்க்கிற யாரும் எங்களைச் சந்தோஷமான தம்பதி என்றே சொல்வார்கள்.

ஒரு வருஷமும் சில மாதங்களும் போன பிறகு, ஒரு நாள் காலையில் பெட்டியோடு கூடத்துக்கு வந்தார்.

"எங்க போறீங்க?"

"கனடாவுக்கு. பழைய சிநேகிதன் கூப்பிட்டுக்கினே இருக்கான். ரெண்டு மாசம் இருந்துட்டு வர்றேன்."

"நீங்க அங்க இருந்தா இங்க எனக்கு நாள் ஓடாதே."

"தெரியும்." செருப்பு வாரை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்தார். "நீயும் வாயேன்... ஐயோ, உன்னாலதான் வர முடியாது இல்ல?"

கார் போன பிறகு நான் வெகுநேரம் வாசலிலேயே நின்றேன். எனக்கு இரண்டு மாதம் கூடுதலாக அந்த வீட்டில் தண்டனை போட வேண்டும் என்பதற்காகவே ஒரு மனிதன் பாதி உலகம் பறந்து போகிறான் என்பது முதலில் மனதில் இறங்கவே இல்லை. இறங்கியபோது வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கையெட்டும் தூரத்தில் இருந்தது ஒரே ஆள்தான்.

பத்து நாள் வரைக்கும் வழக்கம்போல எல்லாம் செய்தேன். பதினோராம் நாள் காலையில் செய்யவில்லை. மாமியார் கூப்பிட்டார். "ஏய், நனைஞ்சிடுச்சி, வா." நான் என் அறையில் கட்டிலில் உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி கூப்பிட்டார். திட்டினார். பிறகு குரல் இறங்கிவிட்டது. மத்தியானம் லேபுக்குக் கிளம்புகிற நேரத்துக்குத்தான் எழுந்து போனேன். காலையில் நனைந்த துணி பாதி காய்ந்திருந்தது. தொடையில் தோல் சிவந்து வெந்ததுபோல இருந்தது. படித்து, பயிற்சி எடுத்து, நோயாளிகளிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று கற்றவள் நான். என்ன செய்கிறேன் என்று தெரிந்தே செய்தேன். அவரும் தெரிந்தேதான் என்னைப் பார்த்தார்.

துடைத்து, மருந்து போட்டு, துணி மாற்றினேன். எல்லாம் முடிந்த பிறகு மாமியார் கையை நீட்டினார்.

"போனைப் போட்டுக் குடு."

மகனுக்குப் போட்டுக் கொடுத்தேன். அங்கே நடுராத்திரி. ஸ்பீக்கரில் தூக்கக் குரல் கேட்டது.

"டேய், நீ இல்லாத நாளு அவளுக்கு நாளு இல்லையாமே?"

"அம்மா, அதெல்லாம் உனக்கு எதுக்கு?"

"அவளுக்கு நாளு இல்லன்னா எனக்குச் சோறு இல்லடா. பொண்டாட்டியப் பழிவாங்க உனக்கு என் ஒடம்பா கெடச்சுது? வந்து வூட்டுல கெட. அவ கணக்கு முடிஞ்சி போய்த் தொலையட்டும்."

"அவ உன்ன ஏதாச்சும் பண்ணாளா?"

மாமியார் என்னை ஒரு முறை பார்த்தார். "ஒண்ணும் பண்ணல. நீ வா."

அதை இரக்கம் என்று எடுத்துக்கொண்டு நான் ஏமாறவில்லை. என்னைத் துரத்திவிட்டால் மறுநாள் காலையில் துடைத்துவிட யாரும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் அதற்குப் பிறகு ஒரு நாள்கூட நான் அவரைக் காத்திருக்க வைக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் காறித் துப்பியிருப்பார்.

பத்து நாளில் என் கணவர் திரும்பி வந்தார். வந்தவர் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். எனக்கு அது சௌகரியமாக இருந்தது. அவர் இல்லாத நாட்களையும் ஈடுகட்டி, ஏஜெண்ட் போதும் என்று சொல்லும் வரை அங்கேயே இருந்தேன்.

கையெழுத்துப் போட வேண்டிய கடிதத்தை அவர் மேஜை மேல் வைத்தேன். மூன்று வாரம் தொடவில்லை. ஒரு நாள் சாப்பிட்டு முடித்த பிறகு அதை எடுத்துச் சத்தமாகப் படித்தார். நாங்கள் கணவனும் மனைவியும், இந்த முகவரியில் ஒன்றாக வாழ்ந்துவருகிறோம் என்று அதில் இருந்தது.

"இதுல எதுனா உண்மை இருக்குதா?"

"அட்ரஸ் உண்மை."

முதல் தடவையாக அவருக்கு நிஜமாகவே சிரிப்பு வந்தது. உடனே அடக்கிக்கொண்டார். "நான் போடலன்னா?"

"நாளைக்கு நானும் இங்கியேதான் இருப்பேன். அதுக்கு அடுத்த நாளும்."

கூடத்தில் படுத்திருந்த மாமியார் குரல் கொடுத்தார்: "போட்டுத் தொலடா."

போட்டார். பேனாவை மேஜை மேல் எறிந்துவிட்டு உப்பளத்துக்குப் போனார்.

சில மாதங்கள் கழித்து விசா ஆபீஸில் ஃப்ளைட் ஏறுவதற்கான அந்தத் தாளைப் பாஸ்போர்ட்டில் ஒட்டி அனுப்பினார்கள். நான் கிளம்பிய அன்று அவர் வீட்டில் இல்லை. மாமியாரைப் பார்த்துக்கொள்ளப் பெருமுக்கல்லிலிருந்து ஒரு அம்மாள் வந்திருந்தார். அவரிடம் மருந்தையெல்லாம் காட்டிக் கொடுத்துவிட்டு, பெட்டியோடு கட்டிலருகே நின்றேன்.

"எத்தினி மணிக்கு வண்டி?" என்று கேட்டார் மாமியார்.

"பதினோரு மணிக்கு."

"அப்ப இன்னும் நேரம் இருக்குது. கஞ்சி வச்சிட்டுப் போ. அவளுக்குப் பதம் தெரியாது."

வைத்து, ஊட்டிவிட்டுப் போனேன். வருகிறேன் என்று நான் சொல்லவில்லை. போய் வா என்று அவரும் சொல்லவில்லை.

கனடா விமான நிலையத்தில் அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, கணவர் கூட வரவில்லையா என்று கேட்டார். பிறகு வருவார் என்றேன். அது அந்தக் கதையில் நான் சொன்ன கடைசிப் பொய். பழைய லேபில் என் இடம் போய்விட்டது. லைசென்ஸைப் புதுப்பிக்க மறுபடி பரீட்சை எழுத வேண்டும் என்றார்கள். அதுவரை வேறொரு இடத்தில் சாம்பிள்களைப் பதிவு செய்யும் வேலை. ஒரு வீட்டின் பேஸ்மெண்ட்டில் ஒற்றை அறை. கதவைச் சாத்தினால் சாத்தியபடியே இருந்தது. அது எனக்குப் போதுமாக இருந்தது.

முதல் குளிர்காலம் முடிந்ததும், விவாகரத்துக்குச் சம்மதமா என்று கேட்டு அவருக்குச் செய்தி அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது: "இப்ப என்ன அவசரம்? இன்னும் ஒரு ரெண்டு வருஷம் இரு."

நான் அதற்குப் பதில் போடவில்லை. ஒரு வக்கீலைப் பிடித்து மனுவைக் கொடுத்தேன். கோர்ட் தாள் மரக்காணத்துக்குப் போய்ச் சேர்ந்த அன்று அவருடைய எண்ணிலிருந்து என் போன் ஏழெட்டுத் தடவை அடித்தது. அடித்து ஓயும் வரை அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எடுக்கவில்லை.