அக்கா டிவியில் நின்றுபோன ஆட்டம்

போன வாரம் ஈப்போவில் ஒரு பேரங்காடிக்குப் போயிருந்தேன். கீழ்த்தளத்தில் பழைய விளையாட்டுப் பெட்டிகளைக் கண்ணாடிக்குள் அடுக்கிக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில், இரண்டு திருகு குமிழ்களோடு என்னுடைய பெட்டி. நான் வைத்திருந்த அதே பெட்டி இல்லைதான், ஆனாலும் கால் நகரவில்லை. சூடேறிய பிளாஸ்டிக் வாசனை கண்ணாடியைத் தாண்டி வருமா? எனக்கு வந்தது.

இப்போதுள்ள பிள்ளைகளிடம் சொன்னால் சிரிப்பார்கள். கேசட் மாற்றி மாற்றி ஆடும் பெட்டிகள் எங்கள் பக்கம் வருவதற்கு முந்தியது அது. டிவியின் ஏரியல் ஓட்டையில் வயரைச் செருகினால் நடுவில் ஒரு கோடு, ஓரத்துக்கு ஒரு மட்டை, மேலே எண்கள், ஒரு சதுரப் பந்து. அவ்வளவுதான் டென்னிஸ். இன்று கைபேசியில் ஆடுகிறார்களே, அதற்கெல்லாம் மூத்த தலைமுறை இதுதான். தையல் ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பெரிய மனுஷியாகிவிட்ட நினைப்பில் நான் வாங்கிய முதல் பொருள். நல்லதாக ஒரு சேலை வாங்கியிருக்கலாம், புத்தி போகவில்லை.

பெட்டி வந்துவிட்டது, செருக டிவி வேண்டுமே. வீட்டில் இருந்த ஒரே டிவி அக்காவுடையது, அட்டைப்பெட்டிகூடப் பிரிக்காதது. கோப்பெங்கிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்றே, மாமியாராகப் போகிறவர், "தோட்டத்துப் பொண்ணு, என்னத்தக் கொண்டாரப் போவுது" என்று அக்கா காதில் விழும்படி சொல்லிவிட்டார். அந்தப் பேச்சுக்குப் பதிலாக, கல்யாணத்தன்று கூடவே கொண்டுபோக அக்கா தன் உழைப்பில் வாங்கிய புது டிவி அது.

"ஒரு வாரம்க்கா. தொடைச்சுத் திருப்பி வச்சிடுறேன்."

"கீறல் விழுந்துச்சு, கொன்னுடுவேன்டி" என்றாள். பிறகு என்னைவிட அவள்தான் அதிகம் ஆடினாள். ஜெயித்தால் ஒரு பார்வை பார்ப்பாள் பாருங்கள், பற்றிக்கொண்டு வரும்.

அப்போது நாங்கள் சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்தை விட்டு ஈப்போ வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தோட்டத்தில் சாயங்காலம் இஞ்சின் ஓடினால் கரண்டு வரும், நின்றால் போய்விடும். போனால் மறுநாள்தான். சுவிட்சை அணைக்கும் பழக்கமே லயத்து வீடுகளில் ஒருத்தருக்கும் கிடையாது. இஞ்சின்காரர் எல்லாருக்கும் சேர்த்து அணைத்துவிடுவார்.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது தோட்டத்துக் கோயில் திருவிழா வந்தது. கிளம்பும் மத்தியானம், "கடைசி ஆட்டம்க்கா" என்று நான்தான் அவளை உட்கார வைத்தேன். பாதியில் கரண்டு போனது. "போச்சுல்ல, வாங்கடி, பஸ்ஸு போயிடும்" என்றாள் அம்மா. கதவைப் பூட்டிக்கொண்டு ஓடினோம். சுவிட்சுக்கு ஒருத்தி கையும் போகவில்லை. பெட்டி என்னுடையது, என் கை போயிருக்க வேண்டும்.

ஐந்து நாள் கழித்துத் திரும்பினோம். பக்கத்து வீட்டு அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "நீங்க போயி கொஞ்ச நேரத்துல கரண்டு வந்துருச்சு. சன்னல்ல வெளிச்சம் தெரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு, ஆளு இருக்கீங்கன்னுல நெனச்சேன்."

உள்ளே யாருமே ஆடாத ஆட்டம் அப்படியே நின்றிருந்தது. பெட்டியைக் கழற்றி ஏரியலை மாட்டினேன். செய்தி வாசிப்பவரின் மூக்கின் மேல் நேராக அந்தக் கோடு. காதோரம் இரண்டு மட்டைகள். துணியால் துடைத்தேன், ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன், அழுதுகொண்டே துடைத்தேன். டிவி ரிப்பேர் செய்யும் சீனர் வந்து பார்த்து, "தா போலே லா", முடியாது என்று மலாயில் சொல்லிக் கையை விரித்துவிட்டார். படக்குழாய் உள்ளேயே எரிந்துபோயிருந்தது. இன்னொன்று வாங்க எங்களுக்கு வக்கில்லை.

அக்கா திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

"விடுடி. கடையில ஏமாத்திட்டான்னு சொல்லிக்கிறேன்" என்றாள்.

கோடு போட்ட டிவியோடுதான் கோப்பெங் போனாள். மாமியார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைக் காட்டுவார். அக்கா என்னைக் காட்டிக்கொடுக்கவே இல்லை. நான் அங்கே போகும்போதெல்லாம் டிவிமேல் ஒரு துணி கிடக்கும். எனக்காகத்தான் போட்டு வைக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுத் தோட்டத்தில் எண்ணெய்க்காகச் செம்பனை நட்டுவிட்டார்கள். இஞ்சின் கொட்டகை இருந்த இடம் தெரியவில்லை. டிவி எந்தக் குப்பையில் போனதோ. மூன்று வருஷம் முன்பு அக்காவும் போய்விட்டாள். சாவு வீட்டில் அந்த மாமியார், தொண்ணூறை நெருங்கிய கிழவி, என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்கக்கா தங்கம்லா. ஆனா வெவரம் பத்தாது, ஒரு டிவிகூடப் பாத்து வாங்கத் தெரியல" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். போன மாதம் அவரும் இறந்துவிட்டார். இனி உண்மையைச் சொல்லவும் ஆள் இல்லை.