தங்கையின் கீழ் உதை

வீடியோ கேம் சண்டையில் என் தங்கைக்குத் தெரிந்தது ஒரே ஒரு அடிதான். குனிந்து உட்கார்ந்துகொண்டு எதிராளியின் காலில் உதைப்பாள். அவன் விழுவான். எழுந்திருப்பான். மறுபடியும் உதைப்பாள். பார்ப்பவர்களுக்கு வேண்டுமானால் அது சிரிப்பாக இருக்கலாம். விழுகிறவன் நான்.

நானோ முறைப்படி கற்றுக்கொண்டவன். கட்டை விரலைக் கீழிருந்து முன்பக்கமாக உருட்டி, உருட்டி முடிக்கிற அந்தக் கணத்தில் பட்டனைத் தட்டினால் என் ஆளின் உள்ளங்கையிலிருந்து நெருப்பு பறக்கும். அது பறக்கும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அதற்காகக் கட்டை விரல் தோல் உரிந்து, பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறேன். அப்போது நான் மலாக்கா டவுனில் மோட்டார் உதிரிப்பாகக் கடையில் இருந்தேன், தங்கை தொழிற்சாலையில். இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிய விளையாட்டுப் பெட்டி அது. வேலை முடிந்து காஜா பெராங்கில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து, குளித்து, தேத்தண்ணி குடித்ததும் டிவிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவோம். நான் முதுகை நிமிர்த்தி உட்காருவேன். அவள் மடியில் கெரொப்போக் வறுவல் பொட்டலத்தை வைத்துக்கொண்டு, எண்ணெய்க் கையாலேயே என்னைத் தோற்கடிப்பாள்.

"இதெல்லாம் ஒரு வெளயாட்டா? வேற அடியே தெரியாதா ஒனக்கு?" என்று கத்துவேன்.

"தெரியும்ணே. இதுவே போதுமா இருக்கு, நான் என்ன செய்ய?"

இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? ஒரு சுற்று ஜெயிப்பேன், மூன்றாவது சுற்றில் போய்விடும். முழு ஆட்டமாக ஒன்றுகூட அவளிடம் நான் ஜெயித்ததில்லை.

கிளேபாங்கில் மாப்பிள்ளை அமைந்து அவளுக்குக் கல்யாணம் முடிவானபோது, வீட்டில் ஆளுக்கு ஒரு கவலை. அம்மாவுக்கு நகை, அப்பாவுக்கு மண்டபம். எனக்கு, அவள் வீட்டை விட்டுப் போவதற்குள் ஒரே ஒரு தடவையாவது அவளை ஜெயித்துவிட வேண்டும். சிரிக்காதீர்கள். அவள் போய்விட்டால் பிறகு நான் யாரோடு ஆடுவது?

இங்கே என்னுடைய ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஆடி முடித்ததும் பெட்டியைத் துடைத்து, ஒயரைச் சுற்றி, கடையிலிருந்து வந்த அதே அட்டைப் பெட்டியில், அதே பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மூடுவேன். "பொட்டு வச்சு சாமி மேடையில ஏத்திரு" என்று தங்கை கிண்டல் செய்வாள். மலாக்காவின் உப்புக் காற்றில் சாமான் கெட்டுவிடும் என்று நான் பதில் சொல்வேன். யார் பார்த்தாலும் நேற்று வாங்கியது என்றுதான் நினைப்பார்கள்.

அப்படியே நினைத்தார்கள். பரிசத்தன்று காலையில் என்னை ஐஸ் கட்டி வாங்க டவுனுக்கு விரட்டிவிட்டார்கள். நான் அந்தப் பக்கம் போனதும், மாப்பிள்ளை வீட்டாருக்குப் பதிலுக்கு வைக்க வேண்டிய தட்டுகளைப் பெரியம்மா எண்ணியிருக்கிறார். இரட்டைப்படையில் வந்திருக்கிறது. பரிசத் தட்டு ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும். வாசலில் கார் வந்து நிற்கிறது, இன்னொரு தட்டுக்கு என்ன வைப்பது? டிவிக்குப் பக்கத்தில் பளபளவென்று ஒரு பெட்டி. மாப்பிள்ளைக்கென்று வாங்கியதைத் தட்டில் வைக்க மறந்துவிட்டார்கள் என்று நினைத்து, பெரியம்மா அதைத் தூக்கி வைத்து, கண்ணாடித்தாள் சுற்றி, சிவப்பு ரிப்பனும் கட்டிவிட்டார்.

நான் ஐஸ் கட்டியோடு திரும்பியபோது தட்டு மாற்றி முடிந்திருந்தது. சம்பந்தியம்மாவின் காலடியில், வெற்றிலைத் தட்டுக்கும் பழத் தட்டுக்கும் நடுவில் என் பெட்டி. தங்கையைப் பார்த்தேன். பட்டுப் புடவையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தவளின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அழுகிறாள் என்று பக்கத்தில் யாரோ கைக்குட்டை கொடுத்தார்கள். எனக்கல்லவா தெரியும், அவள் சிரிப்பை அடக்க முடியாமல் தவிக்கிறாள் என்று.

"தட்டுல வச்சுக் குடுத்தத திருப்பிக் கேட்டா நம்ம மானம் என்னாவறது?" என்றார் அம்மா. அதோடு பேச்சு முடிந்தது. கல்யாணம் வரைக்கும் வெறும் டிவியை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெரியம்மாவோடு சரியாகப் பேசவே இல்லை. அவருக்கு ஏன் என்று கடைசிவரை புரியவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு வந்த மெர்டேக்கா சுதந்திர தின விடுமுறைக்குக் கிளேபாங் போனேன். சம்பந்தியம்மா டிவியில் அணிவகுப்பு பார்த்துக்கொண்டிருந்தார். அது முடிந்ததும் மாப்பிள்ளை ஆசையாகப் பெட்டியை எடுத்து மாட்டினார். ஒயரெல்லாம் முறுக்கிக் கிடந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"மச்சான், இந்த மாதிரி சீரு யாருமே குடுத்ததில்ல லா. தெனமும் ஒங்க தங்கச்சியோட அடிக்கிறேன். பாவம், அதுக்கு ஒண்ணும் வரல" என்றார்.

ஒன்றும் வரவில்லையா?

கண்ட்ரோலரை என்னிடமும் அவளிடமும் கொடுத்து, அண்ணனும் தங்கையும் ஆடுங்கள் என்றார். சம்பந்தியம்மா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. தங்கை முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஆட்டம் தொடங்கியது. நான் குதித்துப் பின்வாங்கினேன், உதை வரும் என்று. வரவில்லை. அவள் ஆள் நிமிர்ந்து நின்று காற்றில் குத்திக்கொண்டிருந்தான். நான் நெருப்பு விட்டேன், வாங்கிக்கொண்டான். இன்னொன்று விட்டேன், அதையும் வாங்கிக்கொண்டான். இரண்டு சுற்றும் எனக்கு.

மாப்பிள்ளை கை தட்டினார். "ஆம்பளைங்க வெளயாட்டுதானே. நீ போயி தேத்தண்ணி கலக்கும்மா, அண்ணன் பசியாறட்டும்" என்றார் சம்பந்தியம்மா, நல்லபடியாகத்தான். அவள் உடனே எழுந்து போனாள்.

எத்தனை வருஷம் ஏங்கிய வெற்றி. கண்ட்ரோலரைச் சுவரில் அடிக்கலாம் போல எனக்குக் கோபம் வந்தது.

புறப்படும்போது கேட் வரைக்கும் அவள் கூட வந்தாள். "யார ஏமாத்தற? ஏன் அப்படி வெளயாடின?" என்று கேட்டேன்.

"மெதுவா பேசுண்ணே."

"எனக்கு இந்த ஜெயிப்பு வேணாம். வா, இன்னொரு ஆட்டம் போடுவோம். ஒழுங்கா அடி."

அவள் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். "ஒனக்கென்ன, பைக்க எடுத்துட்டுப் போயிடுவ. நான்தான் இங்க இருக்கணும்."

உள்ளே இருந்து கூப்பிட்டார்கள். "இதோ வரேன் அத்தை" என்று குரல் கொடுத்தபடியே ஓடினாள். கேட்டைச் சாத்தக்கூட அவளுக்கு நேரமில்லை. நான்தான் சாத்திவிட்டு வந்தேன்.