நாலாவது ஆளாகப் போன கதை

போன ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு பல்கலைக்கழகத்தில் சேர வந்த மாணவி ஆனேன். இந்த அறுபத்து மூன்று வயதில்!

சிரிக்காதீர்கள். நானாகப் போகவில்லை. கூட்டிக்கொண்டு போனார்கள்.

மலையாள நாட்டில் தமிழர்கள் வாழும் தெரு எங்கள் வலியசாலை. எங்கள் எதிர்வீடு சங்கரனுடையது. அரசாங்க ஆபீசில் செக்‌ஷன் ஆபீஸர். மனைவி லலிதா. ஒரே பெண் நித்யா, ப்ளஸ் டூ முடித்திருக்கிறாள். சனிக்கிழமை சாயங்காலம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது சங்கரன் வந்து நின்றான்.

"மாமி, நாளைக்கு ஜோலி ஏதும் உண்டா?"

"ஏண்டாப்பா?"

"நித்யாவை யூனிவர்ஸிட்டி பார்க்கக் கூட்டிண்டு போறோம். ஓப்பன் டேயாக்கும். நீங்களும் வரணும், கேட்டேளா."

"நான் வந்து என்ன பண்ணப் போறேன்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். நாங்க மூணு பேராக்கும். மூணு பேராப் போனா காரியம் நடக்குமோ?"

ஆக, என் அறிவுக்காக இல்லை. இத்தனை வருஷம் பத்திரிகையில் பத்தி எழுதிக் கிழித்ததற்காகவும் இல்லை. தலை எண்ணிக்கைக்கு! எங்கள் தெருவில் பெண் பார்க்கப் போனாலும் சரி, நிலம் பார்க்கப் போனாலும் சரி, மூன்று பேராக யாரும் படியிறங்க மாட்டார்கள். நாலாவது ஆள் கிடைக்காவிட்டால் ஒரு கல்லையாவது பையில் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. சங்கரனுக்குக் கல் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

திட்டம் சுலபமானது. போக வேண்டியது, பார்க்க வேண்டியது, டேட்டா சயன்ஸில் சீட்டை பிளாக் பண்ண வேண்டியது. எல்லாம் நாலரைக்குள். நாலரைக்கு ராகு காலம்.

நகரத்துக்கு நடுவிலேயே இருக்கிறது அந்தப் பல்கலைக்கழகம். மரம் குறைச்சல், கண்ணாடி ஜாஸ்தி. வரலாறு, இலக்கியம் என்றெல்லாம் அங்கே பேச்சே கிடையாது. எல்லாமே வேலைக்கான படிப்பு. 'முதல் நாளே வேலைக்குத் தயார்' என்று வாசலில் பெரிய பேனர். முதல் நாளே தயார் என்றால் மிச்ச நாலு வருஷம் எதற்கு? கேட்கத்தான் நினைத்தேன். லலிதா என் முழங்கையைப் பிடித்து நகர்த்திவிட்டாள்.

கேட்டில் முதல் சிக்கல். நீலச் சட்டை போட்ட ஒரு பெண் சொன்னாள்: "ஸார், ஒரு ஸ்டூடன்ட்டுக்கு ரெண்டு கார்டியன் மாத்ரம்."

சங்கரன் முகம் வாடிப்போயிற்று. நான் வெளியே நின்றால் உள்ளே போவது... மூன்று பேர்! "இவா வரலேன்னா நாங்களும் வரலை" என்கிறான். பின்னால் க்யூ நீள்கிறது. அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஆன்ட்டிக்கு ஈவினிங் கோர்ஸ் நோக்காமல்லோ?" பார்க்கலாமாம்! "அதுக்கு வயசு ஒண்ணும் பிரச்சினை இல்லை." அடுத்த நிமிஷம் என் பெயர், போன் நம்பர் எல்லாம் வாங்கி, 'ஸ்டூடன்ட்' என்று போட்ட அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

இதில் ஒரு வினை இருந்தது. கார்டியன்களுக்கு ஏ.சி. ஆடிட்டோரியம். ஸ்டூடன்ட்டுகளுக்கு லேப் கட்டிடம். அப்பா அம்மா ஒரு பக்கம் போக, நித்யாவோடு நானும் இந்தப் பக்கம்.

அங்கே ஒருவரும் ஓரிடத்தில் நிற்கவில்லை. பிள்ளைகள் ஸ்டாலுக்கு ஸ்டால் ஓடுகிறார்கள். துணிப்பை, பேனா, பளபளா காகிதம் — வாங்கு, ஓடு, அடுத்தது! ஒவ்வொரு முகத்திலும் பஸ்ஸைத் தவற விட்டுவிடுவோமோ என்கிற பதைப்பு. எந்த பஸ் என்றுதான் தெரியவில்லை. பதினேழு வயதில் என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. டைப்ரைட்டிங் போ என்றார்கள், போனேன். இவர்களிடம் ஆயிரம் கதவைத் திறந்து வைத்து, சீக்கிரம் சீக்கிரம் என்கிறோம். எது மேல்? நித்யாவுக்குப் பின்னால் ஓடிக்கொண்டே இதை யோசித்ததில் ஒரு வாலன்டியரை இடித்துவிட்டேன்.

டேட்டா சயன்ஸ் ஸ்டாலில் ஒரு பையன் நின்றான். படிப்பு என்ன, பிராஜெக்ட் என்ன, எந்தெந்த கம்பெனி வரும் — மூச்சு விடாமல் சொன்னான். நான் கேட்டேன்: "இந்த வேலைக்குப் போனா, ஒரு செவ்வாய்க்கிழமை கார்த்தால பத்து மணிக்கு என்ன பண்ணிண்டிருப்பே?"

பையன் யோசித்தான். நல்ல பையன், பொய் சொல்லவில்லை. "ஸ்க்ரீன் பார்த்திட்டிருப்பேன் ஆன்ட்டி. எனக்கு அது இஷ்டமாக்கும்."

நியாயம். இஷ்டமானால் சரி. திரும்பிப் பார்க்கிறேன்... நித்யாவைக் காணோம்.

எனக்கு வியர்த்துவிட்டது. அடுத்தவர் பெண்! மாடி ஏறி, இறங்கி, ஆஸ்பத்திரி மாதிரி கட்டில் போட்ட லேபில் ரப்பர் நோயாளியைத் தாண்டி, ஹோட்டல் ரிசப்ஷன் மாதிரி ஒன்றைத் தாண்டி, கடைசியில் கீழ்த்தளத்தின் கோடியில் கண்டுபிடித்தேன். துறைமுகப் படிப்பு. கிரேன் ஓட்டிப் பழக ஒரு பெரிய நாற்காலி, இரண்டு கைக்கும் இரண்டு பிடி, எதிரே சுவர் அகலத்துக்குத் திரை. திரையில் கப்பல், கடல், அந்தரத்தில் ஒரு கன்டெய்னர். நாற்காலியில் நித்யா. அப்படி அவள் அசையாமல் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. வீட்டில் சாப்பிடும்போதுகூடக் கால் ஆடிக்கொண்டே இருக்கும் அவளுக்கு.

கன்டெய்னர் சத்தமில்லாமல் லாரி மேல் உட்கார்ந்தது. அங்கிருந்த டீச்சரம்மா தலையாட்டினார். "அடுத்தது யாரு? ஆன்ட்டியா? இரிக்கூ!"

கழுத்தில் அட்டை இருக்கிறதே, மறுக்க முடியுமா? உட்கார்ந்தேன். கன்டெய்னர் இந்தப் பக்கம் ஆடியது. நான் அந்தப் பக்கம் இழுத்தேன். இன்னும் ஆடியது. இன்னும் இழுத்தேன். சில நொடிகளில் யாரோ ஒரு வியாபாரியின் சரக்கு முழுவதையும் கடலில் போட்டுவிட்டேன்.

"எதிர்த்து இழுக்கக் கூடாது மாமி," என்றாள் நித்யா. "அது ஆடற பக்கமே நாமும் கொஞ்சம் கூடப் போகணும். அப்பதான் நிக்கும்."

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"என்கூடப் படிச்சவளோட அக்கா விழிஞ்ஞம் துறைமுகத்துல கிரேன் ஓட்டறா. அவ சொல்லித் தந்தா." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எனக்கு இதுதான் வேணும் மாமி. அப்பாகிட்டச் சொல்ல பயமாருக்கு. நீங்க சொல்லுங்கோளேன்."

எண்ணிக்கைக்கு வந்தவளுக்கு இது தேவையா? சங்கரனையும் எனக்குத் தெரியும். பரீட்சை மேல் பரீட்சை எழுதி, முப்பத்திரண்டு வயதில்தான் அவனுக்கு வேலை கிடைத்தது. அதுவரை அவன் தெருவில் தலை நிமிர்ந்து நடந்ததில்லை. அந்த பயம் பெண்ணுக்கு வரக் கூடாது என்பதற்குத்தான் இந்த டேட்டா சயன்ஸ். அவனை எப்படிக் குற்றம் சொல்வது?

"சொல்றேன்," என்று சொல்லிவிட்டேன். வாய்தானே!

நான் மட்டும் படியேறி மேலே வந்தேன். ஆடிட்டோரியத்திலிருந்து சங்கரன் மலர்ந்து வந்தான். "பிளேஸ்மென்ட்டெல்லாம் காட்டினா மாமி. பிரமாதம்! வாங்கோ, நாலேகால் ஆயிடுத்து," என்று நேரே அட்மிஷன் கவுன்டருக்கு ஓடினான். ஃபோனை எடுத்தான். பணம் கட்டிவிட்டால் தீர்ந்தது.

நான் வாயைத் திறந்தேன். கிரேனா, துறைமுகமா, பொம்மனாட்டியா — அவன் என்னென்ன சொல்வான் என்று வரிசையாகக் காதில் விழுகிறது. எதிர்த்துப் பேசினால் இன்னும் முறுக்குவான். அப்போதுதான் சுற்றிப் பார்த்தேன். சங்கரன், லலிதா, நான். நித்யா இன்னும் கீழே.

"சங்கரா," என்றேன். "நாம மூணு பேரா நிக்கறோமே!"

அவன் விரல் அப்படியே நின்றது.

"ஐயோ, ஆமாம் மாமி! நித்யா எங்கே?"

"கீழே, கோடி ரூம்ல. நீயே போய்க் கூட்டிண்டு வா. நான் படியிறங்க மாட்டேன், முட்டி வலிக்கறது." முட்டிக்கு ஒன்றுமில்லை. லலிதா என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். பெண்ணின் ஆசை அவளுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது!

அவன் தலை மறைந்ததும் நானும் லலிதாவும் பின்னாலேயே இறங்கினோம். வாசலில் நின்றிருந்தான் சங்கரன். உள்ளே நித்யா மறுபடியும் அந்த நாற்காலியில். இந்தத் தடவை திரையில் காற்று, மழை. கன்டெய்னர் பேயாக ஆடுகிறது. அவள் அவசரப்படவில்லை. கூடப் போனாள், நிறுத்தினாள், இறக்கினாள். சுற்றி நின்ற பிள்ளைகள் கை தட்டினார்கள். அப்பாவைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"எந்தா இது?" என்றான் சங்கரன்.

நித்யாவுக்குக் கோபமோ அழுகையோ வந்தால் மலையாளம்தான். "எனிக்கு இது மதி, அப்பா." இது போதும் எனக்கு, இதுதான் வேண்டும். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பவே இல்லை. நான் சொல்ல வேண்டியதை அவளே சொல்லிவிட்டாள்.

டீச்சரம்மா அவனையும் விடவில்லை. "ஸார், நோக்கணுமா?" உட்கார்ந்தான். என்னைவிட வேகமாகக் கடலில் போட்டான். "கஷ்டமாக்கும் இது..." என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். அதற்குள் நாலரை தாண்டிவிட்டது. ராகு காலத்தில் எவன் பணம் கட்டுவான்?

ஆட்டோவில் நாலு பேரும் இடித்துக்கொண்டு வந்தோம். அன்று ராத்திரி எதிர்வீட்டு விளக்கு வெகுநேரம் அணையவில்லை. சத்தமும் கேட்கவில்லை. சத்தம் கேட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். தூக்கமா வந்தது? அவன் வேண்டாமென்று சொல்லிவிட்டால் அந்தப் பெண் டேட்டா சயன்ஸில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டே நாலு வருஷத்தைக் கழித்துவிடுவாள். சரி என்று சொல்லி, நாளைக்கு வேலை கிடைக்காவிட்டால்? அப்போது தெருவே சங்கரனைக் கேட்கும். கூடவே என்னையும்.

திங்களும் செவ்வாயும் இப்படியே போயின. புதன்கிழமை காலை எதிர்வீட்டுக் கதவு திறந்தது. சங்கரனும் நித்யாவும் கிளம்பி நிற்கிறார்கள். நான் அவசரமாகச் செருப்பைத் தேடினேன்.

"வேண்டாம் மாமி, சிரமப்படாதீங்கோ. நானும் இவளும் மட்டும்தான்."

"எந்தப் படிப்புக்குடா?"

சங்கரன் பெண்ணைப் பார்த்தான். "அதை இவதான் அங்கே சொல்லப் போறா. நான் பக்கத்துல நிப்பேன், அவ்வளவுதான்." கொஞ்சம் நிறுத்தி, "பயமாத்தான் இருக்கு மாமி," என்றான். நித்யாவின் கால் ஆடிக்கொண்டிருந்தது.

பல்கலைக்கழகத்திலிருந்து எனக்கு இன்னும் மெசேஜ் வந்துகொண்டிருக்கிறது, முடிவு செய்துவிட்டீர்களா என்று.

மூன்று பேராகப் போகக் கூடாது, சரி. நாலு பேராகப் போகலாம், அதுவும் சரி. ஆனால் அந்த நாற்காலியில் உட்காரப்போவது ஒருத்திதானே!