மாட்டுத் தொட்டியில் ஊற்றிய கஞ்சி

அறுபதுகளின் கடைசியில், கல்யாணமாகி நான் உறுவையாறு வந்த முதல் வருஷம், நோன்பு மாதத்தில் பக்கத்து வீட்டு மளிகைக்கடை பாயின் மனைவி ஒரு தூக்கு நிறையக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார். அவர் படியிறங்கியதும் என் மாமியார், "அத்த மாட்டுக்கு ஊத்து" என்றார். ஊற்றியது என் கைதான். நிமிர்ந்தால் வேலிக்கு அந்தப் பக்கம் பாயம்மா நின்றிருந்தார். அதன்பின் ஒரு வருஷம் அவர் எங்கள் பக்கம் முகம் திருப்பவில்லை.

அடுத்த நோன்பில் எனக்கு மசக்கை. தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. வேலி தாண்டி வந்த கஞ்சி மணம் மட்டும் குமட்டவில்லை. சில நாள் பொறுத்துப் பார்த்தேன். ஒரு நாள், மாமியார் களையெடுக்கக் கழனிக்குப் போயிருந்தபோது, பாயம்மா வீட்டுப் பின்வாசலில் போய் நின்றேன்.

"இன்னா வேணும்?"

"கஞ்சி எப்டி வெக்கறதுன்னு கேக்க வந்தேன் பாயம்மா."

"உங்க மாட்டுக்கா?"

நான் திரும்பிப் போகாமல் அங்கேயே நின்றேன்.

"அன்னிக்கி உங்களுக்கோசரம் கறி போடாம தனியா ஒரு பானை வெச்சேன்டி. நோன்போட நின்னு வெச்சேன்."

மாமியார்மேல் பழியைப் போட்டிருக்கலாம். "ஊத்துனது நான்தான்" என்றேன்.

"தெரியும். பாத்தேன்ல."

ஆனால் அடுப்பை விட்டு விலகி, நான் பார்க்க இடம் விட்டார். நொய் எவ்வளவு, பாசிப்பருப்பு எவ்வளவு, தேங்காய்ப்பால் ஊற்றிய பின் ஏன் கொதிக்க விடக்கூடாது என்று திட்டிக்கொண்டே சொன்னார். என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். நான் வெந்தயத்தை விட்டுவிட்டேன். "காதுல இன்னா வெச்சினுகீற?" என்று அதட்டி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். எதையும் ஒளிக்கவில்லை.

மறுநாள் எங்கள் அடுப்பில் வைத்தேன். "இது இன்னா வூடா, பள்ளிவாசலா?" என்று மாமியார் கத்தினார். அந்தப் பானையில் இனி சோறு ஆக்கக்கூடாது என்றார். நான் அடுப்பங்கரையில் உட்கார்ந்து இரண்டு கிண்ணம் குடித்தேன். வயிற்றில் தங்கியது.

பொங்கலன்று, தெருவே பார்க்க, சர்க்கரைப் பொங்கல் எடுத்துக்கொண்டு பாயம்மா வீட்டு முன்வாசலில் ஏறினேன். பாயம்மா என் எதிரிலேயே ஒரு வாய் போட்டு மென்றார்.

"அடிபுடிச்சிகீது. பாலு எப்ப ஊத்துன?"

சொன்னேன். கடைசிவரை கேட்டுக்கொண்டார்.

மாமியார் சித்திரை வரை என்னோடு பேசவில்லை. பாயம்மாவும் என்னிடம் சிரித்துப் பேசியதே இல்லை. அடுத்த நோன்பில் ஒரு மத்தியானம் வேலியோரம் வந்து, "கை வலிக்குது, இந்த இஞ்சிய அரைச்சிக் குடு" என்றார். வாங்கிப்போய் அரைத்துக் கொடுத்தேன்.